அழகுத் தட்டில் ஊறுகாய் வேண்டா

புதுச்சேரி மண்ணுக்குக் கண்ணாடி புதிதன்று. பழங்காலத்திலேயே அரிக்கமேட்டில் கண்ணாடி மணிகள் செய்யப்பட்டன. இன்று கைவினைஞர்கள் வண்ணக் கண்ணாடித் துண்டுகளை அடுக்கி, சூளையில் ஏறத்தாழ 800 பாகை செல்சியசில் உருக்கி இணைத்து, விரிசல் விழாதபடி மெல்ல ஆறவிட்டு, அழகுத் தட்டுகள் செய்கின்றனர்.

சேதராப்பட்டில் உங்கள் இல்லத்திற்கு அத்தகைய தட்டு பரிசாக வந்திருந்தால் ஒன்றைக் கருத்தில் கொள்ளுங்கள். சில வண்ணங்களில் ஈயமோ காட்மியமோ இருக்கக்கூடும். ஊறுகாய், புளிக்குழம்பு, எலுமிச்சைச் சாறு ஆகியவற்றின் புளிப்பு அவற்றைக் கரைத்து உணவில் சேர்க்கலாம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பெரும்பாலும் தொடக்கத்தில் அறிகுறி ஏதும் தோன்றாது.

உணவுக்கு உகந்தது என்ற உறுதி இல்லாத தட்டில் பூக்களை வையுங்கள். நெடுநாள் அதில் உணவு பரிமாறியிருந்தால் அஞ்ச வேண்டா, மருத்துவரிடம் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனையில் ஈயத்தின் அளவை அறியலாம்.