நீரில் அமராத கடற்பறவை

இலட்சத்தீவுகளின் தலைநகரான கவரத்திக்கு வடமேற்கே, அரபிக்கடலில் பிட்டி என்னும் சிறு திட்டு உள்ளது. மணலும் பவளக் கற்களுமே அதன் நிலம். அங்கு மரம் இல்லை. மனிதர் குடியிருப்பும் இல்லை. ஆயினும் இனப்பெருக்கக் காலத்தில் கால் வைக்க இடமிராது. கரிய ஆலாக்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கியிருக்கும்.

பிளவுபட்ட வாலும் நீண்டு கூர்ந்த சிறகுகளும் கொண்ட கடற்பறவைகளை ஆலா என்பர். அவற்றுள் இவ்வகைக்கு முதுகு கரியது. நெற்றியும் வயிறும் வெண்மை. ஆங்கிலத்தில் இதன் பெயர் 'சூட்டி டெர்ன்'. புகைக்கரி படிந்த ஆலா என்பது அதன் பொருள். விரித்த சிறகுகளின் அகலம் ஏறக்குறைய 90 செ.மீ.; எடையோ 200 கிராம் அளவுதான்.

கடற்பறவை என்றதும் அது நீரில் மிதக்கும் என்றே எண்ணத் தோன்றும். கரிய ஆலா நீரில் அமர்வதில்லை. அதன் இறகுகளில் எண்ணெய்ப் பசை போதாது. நீரில் அமர்ந்தால் அவை நனைந்து கனத்துவிடும். எனவே இரை தேடுவதும் பறந்தபடியேதான். சூரை மீன்கள் அடியிலிருந்து துரத்தும்போது, சிறு மீன்கள் அஞ்சி நீர்மட்டத்திற்கு வரும். ஆலா தாழப் பறந்து அவற்றை அலகால் கவ்விக்கொள்ளும். பறவைகள் வட்டமிடும் இடத்தில் சூரை உண்டு என்பதைத் தீவு மீனவர்கள் அறிவர். படகையும் அங்கேயே திருப்புவர்.

பறக்கக் கற்றுக் கடலுக்குச் சென்ற இளம்பறவை சில ஆண்டுகள் கரைக்குத் திரும்புவதில்லை. அக்காலத்தில் பெரும்பகுதியை அது வானிலேயே கழிக்கிறது. எப்போதாவது மிதக்கும் மரக்கட்டை கிடைத்தால், அதன்மேல் சற்றே இளைப்பாறும்.

இத்தகைய பறவையை நிலத்திற்கு அழைப்பது முட்டைதான். அது கூடு கட்டுவதில்லை. மணலில் ஒரு சிறு பள்ளம். அதில் ஒரே ஒரு முட்டை. தாயும் தந்தையும் ஏறக்குறைய 4 வாரங்கள் மாறி மாறி அதனைக் காக்கின்றன. அடைகாத்தல் என்றால் முட்டைக்குச் சூடு தருதல் என்றே பொதுவாகக் கருதுகிறோம். நிழலற்ற மணலில், நண்பகலில், நிலைமை நேர்மாறானது. முட்டை வெயிலில் வெந்துவிடாதபடி தம் உடலால் நிழல் தருவதே பெற்றோரின் பெரும்பணி. ஆள் நடமாட்டம் கண்டு கூட்டம் வெருண்டு எழுந்தால் அந்நிழல் நீங்கிவிடும். சிறிது நேரமே முட்டையின் உயிரைப் போக்கப் போதும். பறவைகள் சரணாலயமான பிட்டியில் மனிதர் கால் படாதிருப்பது இதனாலேயே முக்கியமாகிறது.

குஞ்சு பொரித்தபின் பெற்றோர் தொலைகடலுக்குச் சென்று, விழுங்கி வந்த மீனைக் கக்கி ஊட்டுகின்றன. ஒரே நிறக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் ஒருங்கே கத்தும் இரைச்சலிலும், தம் குஞ்சைக் குரலால் அறிந்துகொள்கின்றன. ஏறக்குறைய 2 மாதங்களில் குஞ்சுக்குச் சிறகு முற்றும். அது கடலை நோக்கி எழும். திட்டில் மணலும் எச்சமும் எஞ்சும்.