அரைஞாண் கயிற்றடியில் ஒரு கறுப்புப் பொருக்கு

எட்டு நாளாகக் காய்ச்சல். டெங்கு இல்லை, மலேரியா இல்லை. பாராசிட்டமால் போட்டால் வியர்த்து இறங்குகிறது, பொழுது சாய்ந்தால் குளிரோடு மறுபடி ஏறுகிறது. குன்னத்திலிருந்து பெரம்பலூருக்கோ அரியலூருக்கோ பஸ் ஏறி வந்தவரின் மஞ்சள் பையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள் ஒரு கத்தை. பத்திரிகையில் இதை மர்மக் காய்ச்சல் என்று போட்டுவிடுவார்கள். ஆனால் மருத்துவமனையின் உள்பக்கம் வந்து பாருங்கள், அந்த மர்மம் உடைகிற அழகை! மருத்துவத்தில் இதைவிடச் சுவாரசியமான வேலை வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முதல் காட்சி ஆய்வகத்தில் இல்லை. கட்டிலைச் சுற்றித் திரையை இழுக்கிறார்கள். டாக்டர் கையில் டார்ச். அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடியில், காதுக்குப் பின்னால், அரைஞாண் கயிறும் பாவாடை நாடாவும் இறுகும் இடுப்பு என்று ஒவ்வொரு மடிப்பாகப் பார்க்கிறார். அதோ! அரை சென்டிமீட்டர் அகலத்தில் கறுப்பாக ஒரு பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம், சிகரெட்டால் சுட்டது போல. வலிக்காது, பெரும்பாலும் அரிக்கவும் செய்யாது. அதனால் உடம்புக்குச் சொந்தக்காரருக்கே அது இருப்பது தெரியாது. அதைப் பார்த்ததும் டாக்டர் முகத்தில் வரும் வெளிச்சம் இருக்கிறதே! காய்ச்சலுக்குப் பேர் கிடைத்துவிட்டது: ஸ்க்ரப் டைபஸ். நம் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள்.

பொருக்கு இல்லாமலும் இந்த நோய் வரும். அதைவிட வருத்தமான விஷயம், பொருக்கு இருந்தும் யாரும் பார்க்காமல் போவது. கூட்டம் நெரியும் ஓ.பி.யில் எந்தப் பெண் சேலையைத் தளர்த்திக் காட்டுவார்? ஒரு திரை, கூட ஒரு நர்ஸ், ஐந்து நிமிடம் போதும். எந்தப் பெரிய கருவியைக் கேட்பதற்கும் முன்னால் நான் இந்தத் திரையைத்தான் கேட்பேன்.

கடித்தது யார் என்று பார்க்க வேண்டாமா? புல்லிலும் புதரிலும் வாழும் ஒரு பூச்சியின் குஞ்சு. நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான்! வளர்ந்துவிட்டால் அது யாரையும் கடிப்பதில்லை. குஞ்சாக இருக்கும்போது மட்டும் எலி, மூஞ்சூறு மேல் ஏறும். வழியில் அகப்பட்டால் நம் மேலும் ஏறும். ஓரியன்ஷியா சுட்சுகமூஷி என்ற பாக்டீரியா தாய்ப் பூச்சியிடமிருந்து முட்டை வழியாகவே அதற்கு வந்துவிடுகிறது. மழை பெய்து, மக்காச்சோளக் கொல்லையிலும் பருத்திக் கொல்லையிலும் வரப்பெல்லாம் புல் மண்டும் மாதங்கள்தான் அதற்கும் கொண்டாட்டம். கடித்துப் பத்து நாள் போலக் கழித்துத்தான் காய்ச்சல் வரும். அதற்குள் யாருக்கு நினைவிருக்கிறது? அதனால்தான் அனுபவமுள்ள டாக்டர், “ரெண்டு வாரம் முன்னாடி புல்லறுக்க எந்தக் கொல்லைக்குப் போனீங்கம்மா?” என்று கேட்கிறார்.

இனி ஆய்வகம். இங்கே எனக்குப் பிடித்த பொருள் ரத்தக் கல்ச்சர் பாட்டில்! உடம்புச் சூட்டில் ஒரு பெட்டிக்குள் ஐந்து நாள் வரை அது ஆடிக்கொண்டே இருக்கும். உள்ளே பாக்டீரியா பெருகிக் கரியமில வாயு வெளிவந்தால், ஒரு வகைப் பாட்டிலில் அடிப்பாகம் மஞ்சளாக மாறும், கருவி சத்தம் கொடுக்கும். டைபாய்டு இப்படிப் பிடிபடும். உண்ணிக் காய்ச்சல் கிருமியோ உயிருள்ள செல்லுக்குள் மட்டும்தான் பெருகும். ஐந்து நாள் ஆட்டினாலும் பாட்டில் வாய் திறக்காது.

வழுக்குகிற இடமும் இங்கேதான். டைபாய்டுக்காக 1896இல் வந்த வைடால் பரிசோதனை இன்றும் தெருமுனை லேபில் ஓடுகிறது. என்றோ வந்துபோன டைபாய்டும் அதை பாசிட்டிவ் ஆக்கிவிடும். அந்தச் சீட்டை நம்பி ஏற்றுகிற செஃப்ட்ரையாக்சோன் ஊசி டைபாய்டுக்கு நல்ல மருந்து, உண்ணிக் காய்ச்சலை அசைக்கக்கூட அசைக்காது. இன்னொரு வாரம் காய்ச்சலோடு போய்விடும். நுரையீரலும் சிறுநீரகமும் கெடத் தொடங்குவது அந்த இரண்டாவது வாரத்தில்தான்.

சரியான கேள்வியைக் கேட்பது எலிசா பரிசோதனை. 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில், எதிர்ப்புப் பொருள் உள்ள ரத்தத்தின் குழி மட்டும் நிறம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்! முதல் சில நாளில் அந்த நிறம் வராமல் போகலாம். அதனால் சந்தேகம் வலுவாக இருந்தால் முடிவுக்குக் காத்திராமல் டாக்சிசைக்ளினைத் தொடங்கிவிடுகிறார்கள். பல நாள் ஆட்டிவைத்த காய்ச்சல் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் இறங்கிவிடும். சில ரூபாய் மாத்திரை! நோய் முற்றியவர்களுக்கு என்ன செய்வது என்று காட்டியதும் நம்மவர்கள்தான். வேலூர் சி.எம்.சி.யின் ஜார்ஜ் எம். வர்கீஸ் குழு இந்திய மருத்துவமனைகளில் 794 பேரிடம் சோதித்து, டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பில் ஏற்றுவதே மேல் என்று 2023இல் வெளியிட்டது.

மாத்திரைக்கும் இறங்காவிட்டால்? அதுவும் ஒரு தகவல்தான். 1961இல் பீட்டர்ஸ்டார்ஃப், பீசன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் இப்படி மூன்று வாரம் தாண்டிய காய்ச்சல்காரர்கள் 100 பேரை ஆராய்ந்தார்கள். காரணங்களில் தொற்றுகளே முதலிடம், அடுத்து புற்றும் மூட்டு, ரத்தநாள அழற்சிகளும். நம் ஊரில் முதலில் நினைக்க வேண்டியது ஒளிந்திருக்கும் காசநோய். ஆட்டுக்குப் பிரசவம் பார்த்தீர்களா, பச்சைப் பால் குடித்தீர்களா என்று கேட்டால் புருசெல்லா என்ற பாக்டீரியா வெளியே வரும். எலும்பு மஜ்ஜையில் ஊசி, வயிற்றுக்கு ஸ்கேன் என்று தேடல் நீளும். இதற்கிடையே தினமும் தடவிப் பார்த்த கழுத்தில் இருபதாம் நாள் ஒரு நெறிகட்டி தட்டுப்படும் பாருங்கள், வார்டே ஓடிவரும்! அதில் ஊசி விட்டு எடுத்த துளியில் காசநோய் என்று தெரிந்துவிட்டால், ஆறு மாத மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம்.