கலைத்துப் போட்டால் கண்டுபிடிப்பீர்களா?

து, ம், வ, ரு, த், ம...

ஏதோ மந்திரம் என்று பயந்துவிடாதீர்கள். வீட்டில் யாருக்காவது உடம்புக்கு வந்தால் நீங்கள் பில் கட்டும் சமாசாரம்தான்! ஆறே எழுத்து. ஆனால், 720 விதமாக மாற்றி அடுக்கலாம். ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தால் லஞ்ச் டயம் முடிந்து, மேனேஜர் வந்து, கையில் மெமோவும் கிடைத்துவிடும்.

எங்கள் ஆபீஸில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதே ஆங்கிலப் பேப்பரையும் திறந்துவிடுவார்கள். அதில் வரும் ‘ஜம்பிள்’தான் சைடு டிஷ். ஐந்தெழுத்தில் இரண்டு, ஆறெழுத்தில் இரண்டு என நான்கு வார்த்தைகளைக் கலைத்துப் போட்டிருப்பார்கள். 1954-ல் அமெரிக்காவில் மார்ட்டின் நேடெல் என்பவர் ஆரம்பித்து வைத்த வம்பு இது.

தோற்றவன் எல்லோருக்கும் காபி வாங்கித் தரணும். தமிழ் மீடியத்திலிருந்து வேலைக்கு வந்த எனக்கு, சம்பளத்தில் பாதி காபிக்கே போய்விடும் போலிருந்தது. காசு போனால் போகிறது சார்... “தம்பிக்கு இங்கிலீஷ் வராது, விட்டுடுங்கப்பா” என்று ஒருத்தர் இரக்கப்பட்டாரே, அதுதான் தாங்கவில்லை.

காப்பாற்றியவர் ஹெட்கிளார்க். “தம்பி, வார்த்தையைத் தேடாதே. எது எதோட ஒட்டும்னு பாரு. க்யூ வந்தா பின்னாடியே யூ வரும். ஐ, என், ஜி மூணும் இருந்தா கடைசியில வெச்சுப் பாரு. அப்புறம், எழுத்தை வரிசையா எழுதாதே, வட்டமா எழுது. வரிசையா இருந்தா கண்ணு அதையே வார்த்தைன்னு நம்பிடும்” என்றார்.

இரண்டே மாசம்... காபி என் மேஜைக்கு வர ஆரம்பித்தது. ஆங்கிலத்தில் டிராஃப்ட் எழுதும் பயமும் போச்சு!

தமிழில் இந்த வித்தை இன்னும் சுலபம். பள்ளிக்கூடத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டே படித்த இலக்கணம் கைகொடுக்கும். மேலே உள்ள ஆறெழுத்தையே எடுங்கள். மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது. அசல் தமிழ்ச் சொல் ‘ரு’வில் ஆரம்பிக்காது. ‘த்’ தன் இனத்தோடுதான் சேரும். ஆக, ‘த்து’ ஒரே ஜோடி. ‘ம்’ கடைசி சீட்டில் உட்கார ஆசைப்படும் ஆசாமி. மிச்சம் எத்தனை விதம் தெரியுமா? 12 தான்! 720 எங்கே, 12 எங்கே... ‘மருத்துவம்’ தானாக வந்து நிற்கும்.

பெரிய மூளைகளும் இதில் சறுக்கியிருக்கின்றன. 1610-ல் கலிலியோ, சனி கிரகம் பற்றித் தான் கண்டதை 37 எழுத்துக்களாகக் கலைத்து அனுப்பினார். வேறு யாரும் முந்திக்கொள்ளக் கூடாதே! விஞ்ஞானி கெப்ளர் மண்டையை உடைத்துக்கொண்டு அடுக்கி, ‘செவ்வாய்க்கு இரண்டு சந்திரன்’ என்று அர்த்தம் பண்ணிவிட்டார். விடை சுத்தத் தப்பு. ஆனால் கூத்தைக் கேளுங்கள்... 1877-ல் பார்த்தால், செவ்வாய்க்கு நிஜமாகவே இரண்டு சந்திரன்!

சரி, உங்களுக்கு ஒன்று: ப, ண், ம், வி, ப், ண. துப்பு வேண்டுமா? லீவு வேணும்னா இதை எழுதித்தான் ஆகணும். மேனேஜர் மேஜையில் வைத்ததும் அவர் முகம் போகிற போக்கைப் பார்க்கணுமே!