உரையளவையும் உறவினர் செய்தியும்

பொருள்களை உள்ளவாறு அறிதற்குச் சைவ சித்தாந்த நூலார் காட்சி, கருதல், உரை என மூன்று அளவைகளைக் கொண்டனர். நம்பத்தக்கார் மொழியைப் பிரமாணமாகக் கொள்ளுதல் உரையளவையாம். இவ்வளவை இன்று பெரிதும் சோதனைக்குள்ளாகும் இடம் குடும்பத்தாரின் வாட்ஸ்அப் குழு எனலாம். பெரியப்பா ஓர் அரசியற் செய்தியை அனுப்புகிறார். அவர் பொய்யுரையாதவர் என்பது வீட்டார் யாவரும் அறிந்ததே. ஆதலின் செய்தியும் மெய்யெனக் கொள்ளப்படுகிறது. ஆயின் அவர் அதனைக் கண்டவரல்லர்; கண்டாரிடம் கேட்டவருமல்லர். அவரது நேர்மைக்குரிய மதிப்பு, பெயரறியா ஒருவன் சொல்லுக்குக் கைமாறி விடுகிறது.

2022ஆம் ஆண்டு மே மாதத்திலே திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்தெழுந்த செய்திகள் இதற்குத் தக்க சான்றாகும். மே 9ஆந் திகதி பிரதமர் மகிந்த ராஜபக்ஷ பதவி துறந்தார். மறுநாள் அவரும் குடும்பத்தாரும் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் உள்ளனர் என்னும் செய்தி பரவ, தளத்தின் வாயிலில் மக்கள் திரண்டனர். அவர்கள் இந்தியாவுக்குத் தப்பிச் சென்றனர் என்ற பேச்சும் உடனெழுந்தது. கொழும்பிலுள்ள இந்திய உயர் ஸ்தானிகராலயம் அதனை மே 10இல் மறுத்தது. இந்தியா படை அனுப்புகிறது என்ற அடுத்த வதந்தியையும் அது மறுக்க நேர்ந்தது. மகிந்தர் திருகோணமலைத் தளத்திலேயே இருக்கிறார் என மே 11இல் பாதுகாப்புச் செயலாளர் கமல் குணரத்ன உறுதிப்படுத்தினார். மூன்றனுள் ஒன்று மெய், இரண்டு பொய். மெய்யான அவ்வொன்றே மற்றை இரண்டையும் ஏற்றிச் சென்ற தோணி என்க.

படைவரவை நம்பிய முதியவரை அறிவிலார் என இளையோர் நகைத்தல் எளிது. அஃது அநீதியுமாகும். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய வானூர்திகள் இத்துறைமுகத்தின்மீது குண்டு வீசியதை அவர் தம் பெற்றோர் வாயிலாகக் கேட்டவர். 1987இல் இந்தியப் படை ஈழமண்ணில் இறங்கியதையும், 1990 மார்ச்சில் அதன் இறுதித் தொகுதி திருகோணமலையிலிருந்தே கப்பலேறியதையும் அறிந்தவர். கயிற்றைப் பாம்பெனக் காண்டல் திரிபுக்காட்சியே. எனினும் முன்னொருகாற் பாம்பு தீண்டப்பெற்றான் கயிறு கண்டு துள்ளுதலைப் பேதைமை என யாரும் கூறார். ஆகவே திருத்த முற்படுவோர் 1987ஐ முதலில் ஒப்புக்கொண்டு, அதன்பின்னரே 2022க்கு வருதல் வேண்டும்.

சீனன்குடா எண்ணெய்க் குதங்கள் முழுவதும் இந்தியாவுக்கு விற்கப்பட்டன என்னும் பேச்சும் இத்தகையதே. குதங்கள் 99. 2022 ஜனவரி உடன்படிக்கையின்படி 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு. 14 லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கு, எஞ்சிய 61 இரண்டுக்கும் பொதுவான கம்பனிக்கு. அக்கம்பனியில் 51 வீதம் கூட்டுத்தாபனத்தினுடையது. நிகழ்ந்தது குத்தகை, விற்பனையன்று. ஐம்பதாண்டுக் குத்தகை நாட்டுக்கு நலமா என்பது வேறு வினா. அதில் பெரியப்பாவுக்கு ஒரு கருத்து இருக்கலாம்; இருத்தலும் தகும். எண்ணைத் திருத்தப் புகுந்தவர் அவர் கருத்தையும் பறிக்க முனைவாராயின் இரண்டும் கெடும்.

இவை சிறு பிழைகள்தாமே எனச் சிலர் வாளாவிருப்பர். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் உணவிலிருந்த மாவுக்கட்டி, கருத்தடை மாத்திரையெனக் கைத்தொலைபேசிகளிற் பரவியது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரசாங்கப் பகுப்பாய்வாளர் அது மாவே என அறிவித்தபோது காலம் கடந்திருந்தது.

இனித் திருத்தும் முறை. குழுவிலுள்ள அனைவர் முன்னிலையிலும் "இது பொய்" என இளையவர் எழுதினால், மூத்தவர் செய்தியை விட்டுத் தம் மானத்தைக் காக்கத் தொடங்குவர். பின்னர் எச்சான்றும் பயன்படாது. தனியே அழைத்து, "பெரியப்பா, இதை முதலிற் சொன்னவர் யாரென்று தெரியுமோ?" என வினவுதல் நன்று. வினா அவரை விசாரணைக்குத் துணையாக்குகிறது. மறுப்பு வெளியான பக்கத்தை, அவர் நாடோறும் படிக்கும் நாளிதழிலிருந்தே காட்டலாம். அயலார் பத்திரிகையை அவர் ஏற்பது அரிது. அனுப்பியதை அழித்தலினும், "இது தவறென அறிந்தேன்" என்று அவரே கீழே ஒரு வரி எழுதுதல் சிறந்தது. முன்னரே பிற குழுக்களுக்குக் கடத்தியவர்க்கு அவ்வரியே உதவும்.

மூத்தோர் பலர் அவ்வரியை எழுதார். ஆயினும் சில நாள் கழித்து வேறொரு செய்தி வரும்போது, அதனைக் குழுவிலிடாது, "தம்பி, இது மெய்யோ?" எனத் தனியே கேட்டனுப்புவர். அதற்கு அன்றே விடை செல்லவேண்டும்.