எருது விடும் காளைக்குச் சதை வேண்டும், கொழுப்பு வேண்டாம்

ஜவ்வாது மலையில் சாமை அறுவடை முடிந்து, அடிவாரத்து ஏரிகளில் நீர் சேர்ந்ததும், மலையைச் சுற்றியுள்ள திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை மாவட்டத்து ஊர்களில் காளை வளர்ப்போர் சுறுசுறுப்பாகி விடுகிறார்கள். தை பிறந்தால் எருது விடும் விழா. குறித்த தூரத்தை மிகக் குறைந்த நேரத்தில் கடக்கும் காளைக்குப் பரிசு. 2014-இல் உச்ச நீதிமன்றத் தடையால் நின்ற இவ்விழாக்கள், 2017-இல் வந்த தமிழகச் சட்டத் திருத்தத்தால் மீண்டும் தொடங்கின. அத்திருத்தம் செல்லும் என்று 2023 மே மாதம் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கொழுகொழுவென்று இருப்பதே நல்ல காளை என்று பலர் எண்ணுகிறார்கள். இது தவறு. வளர்ச்சி முடிந்த காளைக்கு வேலை கொடுக்காமல் தீனியை மட்டும் அள்ளிப் போட்டால் ஏறுவது பெரும்பாலும் கொழுப்பே. வாலடியிலும் விலாவிலும் நெஞ்சிலும் படியும் இந்தக் கொழுப்பு, ஓடும்போது வீண் சுமை. உடல் சூடு வெளியேறவும் தடை. தொடையிலும் தோளிலும் சதை பிடிக்கப் புரதமும் உழைப்பும் சேர்ந்தே வேண்டும். மலைமேல் மலையாளி இன உழவர்கள் சரிவு நிலத்தில் ஓட்டும் ஏர் மாடுகளிடம் தொங்கு சதையைக் காண்பது அரிது. காட்டு மேய்ச்சலும் சாமைத் தாளும்தான் அவற்றின் தீனி.

முதலில் காளையின் எடையை அறிய வேண்டும். தராசு தேவையில்லை. முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ கணக்கு கிடைக்கும். சுற்றளவு 64, நீளம் 54 அங்குலம் என்றால் எடை சுமார் 335 கிலோ. சதையா கொழுப்பா என்பதை இக்கணக்கு சொல்லாது. அதற்குக் கையால் விலாவைத் தடவிப் பார்க்க வேண்டும். லேசாக அழுத்தியதும் எலும்பு தட்டுப்பட்டால் சரி.

ஐப்பசியிலேயே தொடங்குவது நலம். சதை விரைவில் தேறும். நரம்பும் குளம்பும் இறுக நாள் பிடிக்கும். முதல் சில வாரம் காலையில் நடை மட்டும் போதும். பிறகு ஏரியில் நீச்சல். காலில் பாரம் ஏறாமல் உடம்பு முழுவதும் உழைக்கும். கடைசியாகத்தான் குறுகிய ஓட்டம், அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். இக்காலத்தில் அடர்தீவனத்தை அரை கிலோவில் தொடங்கி, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கால் கிலோ கூட்டி, இரண்டு கிலோ வரை கொண்டு செல்லலாம். வேகவைத்த கொள்ளு, கடலைப் புண்ணாக்கு, தவிடு ஆகியவற்றுடன் தாது உப்புக் கலவை 50 கிராமும் சாப்பாட்டு உப்பு 30 கிராமும் சேர்க்கவும். கொள்ளில் நூற்றுக்கு 22 பங்கு புரதம் உண்டு. கடலைப் புண்ணாக்கில் 40-க்கு மேல்.

மார்கழியில் கொழுப்பு தெரிந்தால் தவிட்டையும் மாவுத் தீனியையும் குறைக்க வேண்டும். கொள்ளையும் புண்ணாக்கையும் குறைக்கக் கூடாது. தாளும் பசும்புல்லும் வழக்கம்போல. பட்டினி போட்டால் கொழுப்போடு சதையும் கரைந்து போகும். சிலர் முட்டையை உடைத்து ஊற்றுகிறார்கள். அந்தப் புரதத்தைப் பெரும்பாலும் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் சிதைத்து விடும். செலவுதான் மிச்சம்.

பெரிய ஆபத்து விழா நெருங்கும்போதுதான். தெம்பு வரட்டும் என்று திடீரென்று அரிசியோ சோறோ மாவோ நிறையக் கொடுத்தால், அது வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகும். மாடு தீனி எடுக்காது, அசை போடாது, வயிறு உப்பும், சாணம் புளித்த வாடையோடு நீராகக் கழியும், தள்ளாடி விழும். கவனிக்காவிட்டால் ஓரிரு நாளில் உயிரே போகலாம். உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். படுத்துவிட்ட மாட்டுக்கு எண்ணெயோ கஷாயமோ ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

மாட்டுப் பொங்கலன்று வீட்டுக்கு வீடு அன்போடு ஊட்டும் பொங்கலும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே. காளைக்கு முதலில் வயிறு நிறையத் தாள் போட்டு, பிறகு ஒரு கைப்பிடி மட்டும் கொடுங்கள். மிச்சப் பொங்கலை மாடு எட்டாத இடத்தில் வைக்கவும்.