'சன்ரைஸ்': ஒரு டிராம் வண்டியும் உடைந்த நம்பிக்கையும்

1927 செப்டம்பர் 23ஆம் தேதி நியூயார்க்கில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட 'சன்ரைஸ்' படத்தின் கதையை மூன்று வரியில் சொல்லிவிடலாம். ஏரிக்கரைக் கிராமத்து விவசாயி ஒருவன், விடுமுறைக்கு வந்த நகரத்துப் பெண்ணிடம் மயங்குகிறான். மனைவியைப் படகில் கூட்டிப்போய் நீரில் தள்ளிவிடு, நிலத்தை விற்றுவிட்டு என்னோடு வா என்கிறாள் அவள். கிளம்பிப் போனவன், நடு ஏரியில் கை எழாமல் முகத்தைப் பொத்திக்கொள்கிறான். பாத்திரங்களுக்குப் பெயர்கூடக் கிடையாது. இவ்வளவு எளிய கதை எப்படி உலகின் தலைசிறந்த படங்களில் ஒன்றாக நிலைத்தது என்று கேட்டால், சினிமா நூல்கள் பெரும்பாலும் கேமராவின் சாதனைகளைச் சொல்லும். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. முறிந்துபோன நம்பிக்கை இரண்டு பேருக்கிடையே மறுபடி துளிர்ப்பதைப் படிப்படியாகக் கண்ணால் காணவைத்ததுதான் இந்தப் படத்தின் சாதனை. கேமரா செய்த அத்தனை வித்தையும் அதற்காகத்தான்.

இயக்குநர் எஃப்.டபிள்யூ. முர்னாவ் ஜெர்மனிக்காரர். அங்கே அவர் எடுத்த படங்களைக் கண்டு வியந்த ஃபாக்ஸ் பட நிறுவன அதிபர் வில்லியம் ஃபாக்ஸ், அவரை ஹாலிவுட்டுக்கு வரவழைத்துத் தாராளமாகப் பணமும் முழுச் சுதந்திரமும் கொடுத்தார். ஹெர்மன் சூடர்மன் எழுதிய குறுநாவலிலிருந்து கார்ல் மேயர் திரைக்கதை அமைத்தார். மூலக்கதையில் கணவன் கடைசியில் நீரில் மூழ்கி இறந்துபோகிறான். படத்தில் இருவரும் பிழைக்கிறார்கள். ஹாலிவுட்டுக்காகச் செய்துகொண்ட சமரசம் என்று இதைக் குறை சொல்வதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. செத்துப்போனால் அவன் பட்ட கடன் அந்த நொடியிலேயே தீர்ந்துவிடும். உயிரோடு இருப்பவன் தன்னால் கொல்லப்படவிருந்தவளின் முகத்தை நாள்தோறும் பார்த்தாக வேண்டும். கடினமான முடிவு எதுவென்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

கரை சேர்ந்ததும் மனைவி காட்டுக்குள் ஓடுகிறாள். எதிரே வந்த டிராமில் ஏறிவிடுகிறாள். பின்னாலேயே அவனும் தொற்றிக்கொள்கிறான். இருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஜன்னலுக்கு வெளியே ஏரி விலகுகிறது, மரங்கள் ஓடுகின்றன, பட்டறைகள் வருகின்றன, பிறகு நகரம் வந்துவிடுகிறது. அவள் தலை குனிந்தே இருக்கிறது. உலகம் தன்பாட்டுக்குச் சுழல, இவர்கள் இருவரும் அச்சத்துக்குள்ளும் குற்ற உணர்வுக்குள்ளும் உறைந்து கிடக்கிறார்கள். இந்தக் காட்சிக்காகவே தண்டவாளம் போட்டார்கள். அந்தச் செலவு ஆடம்பரம் இல்லை. வண்டி உண்மையிலேயே ஓடினால்தான் அந்த மௌனத்தின் கனம் நமக்கு உறைக்கும்.

படத்தின் மீது வைக்கப்படும் வலுவான ஆட்சேபம் வேறு: கொல்லத் துணிந்தவனை ஒரே பகலில் மன்னித்துவிடும் மனைவி நியாயமா? பெண் பொறுத்துப்போக வேண்டும் என்ற பழைய பாடம்தானே இது? கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் படம் அந்த மன்னிப்பை அவசரப்படுத்துவதில்லை. உணவகத்தில் கேக் தட்டை அவள் பக்கம் நகர்த்துகிறான்; வாயில் வைத்தவளுக்கு இறங்கவில்லை, அழுகை வந்துவிடுகிறது. பூ வாங்கிக் கொடுக்கிறான்; அதுவும் போதவில்லை. முன்பின் தெரியாத ஒருவரின் திருமணம் நடக்கும் தேவாலயத்துக்குள் இருவரும் நுழைகிறார்கள். மனைவியைக் காக்க வேண்டும் என்று பாதிரியார் மணமகனிடம் சொல்லும்போது, கேட்டுக்கொண்டிருந்த இவன் அவள் மடியில் விழுந்து தேம்புகிறான். தான் செய்யத் துணிந்தது என்ன என்பது அவனுக்கு முழுதாக விளங்கிய பிறகே அவள் கை அவனைத் தொடுகிறது. மனைவியாக நடித்த ஜேனட் கேனர் அந்தப் பயம் கரைவதை விரல்களிலும் தோள்களிலும் காட்டியிருக்கிறார். நகரத்துப் பெண்ணைப் பற்றிய குறையை மட்டும் என்னால் மறுக்க முடியவில்லை. மார்கரெட் லிவிங்ஸ்டன் நடித்த அந்தப் பாத்திரம் மயக்கி என்ற வார்ப்பைத் தாண்டவே இல்லை. நகரமே தீயது என்று படம் சொல்கிறதா என்றால், இல்லை. அந்தத் தம்பதி மறுபடி சிரிக்கக் கற்றுக்கொள்வது நகரத்தில்தான்.

இதை மௌனப் படங்களின் கடைசி மகுடம் என்பது வழக்கம். பாத்திரங்கள் பேசுவதில்லை என்ற அளவில் அது சரி. ஆனால் மூவிடோன் முறையில் இசையும் ஓசைகளும் பிலிமிலேயே பதியப்பட்டு வந்த படம் இது. இரண்டே வாரத்தில், அக்டோபர் 6இல், 'தி ஜாஸ் சிங்கர்' வந்து பேச்சுக்கு வழி திறந்துவிட்டது. ஊர் திரும்பும் வழியில் ஏரியில் வீசிய புயலில் மனைவியைத் தொலைத்தவன் கூவி அழைக்கும்போது நமக்குக் கேட்பது மனிதக் குரல் அல்ல, ஒரு கொம்பு வாத்தியத்தின் ஓசை. வசனம் செய்ய முடியாததை அந்த ஓசை செய்கிறது. 1929இல் நடந்த முதல் ஆஸ்கர் விழாவில் 'தனித்துவமும் கலைநயமும் கொண்ட படம்' என்ற விருது இதற்குக் கிடைத்தது. 'விங்ஸ்' இன்னொரு தலையாய விருதைப் பெற்றது. ஒளிப்பதிவுக்காக சார்லஸ் ரோஷர், கார்ல் ஸ்ட்ரஸ் இருவரும், இதையும் சேர்த்து மூன்று படங்களுக்காக கேனரும் கௌரவிக்கப்பட்டார்கள். கலைநயத்துக்கான அந்தப் பிரிவை அடுத்த ஆண்டே எடுத்துவிட்டார்கள். இன்றளவும் எனக்கு அதில் வருத்தம் உண்டு.

செலவுக்கேற்ற வசூல் இல்லாததால் முர்னாவுக்கு அந்தச் சுதந்திரம் நீடிக்கவில்லை. 1931இல் கார் விபத்தில் இறந்தார். 1937இல் ஃபாக்ஸ் கிடங்கில் பிடித்த தீயில் படத்தின் மூல நெகட்டிவும் போயிற்று. மிஞ்சிய பிரதிகளைக் கொண்டே படத்தை மீட்டார்கள். 1989இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டின் முதல் 25 படங்களில் இதுவும் சேர்ந்தது. 2012இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் ஐந்தாம் இடம் பெற்றது. 2023 முதல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை இல்லை என்பதால் தேடினால் எளிதில் கிடைக்கும். பின்னாளில் வேறு இசை சேர்த்த பிரதிகளும் உண்டு. பழைய மூவிடோன் ஒலி உள்ள பிரதியையே தேர்ந்தெடுங்கள்.