அரை மணி அரட்டைக்கு நாலு டாலர்!

நம் ஊரில் பேச்சுக்கு விலை கிடையாது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் அமெரிக்க எலெக்‌ஷனிலிருந்து அடுத்த தெருக் கல்யாணம் வரை எல்லாம் இலவசம். டீக்கு மட்டும்தான் காசு. ஆனால், கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து 'உங்கள் ஊரில் இன்று மழையா?' என்று இங்கிலீஷில் விசாரித்தால், அதற்கு டாலரில் பணம் தருகிற ஆட்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். அந்த டாலரில் கொஞ்சத்தை வாங்கிக் கொள்கிறவர்களில் அடியேனும் ஒருவன்.

உத்தியோகத்தின் பெயர், ஆன்லைன் இங்கிலீஷ் கான்வர்சேஷன் ட்யூட்டர். ஜாதகத்தின் பின்பக்கம் எழுதினால் ஒரு வரி பூராவும் அடைத்துக் கொள்ளும். பெண் வீட்டார் படித்துவிட்டு, "அது சரி தம்பி... என்ன வேலை?" என்று மறுபடி கேட்பார்கள். கிராமர் வகுப்பு அல்ல. பரீட்சை கிடையாது. தைரியமாக வாயைத் திறந்து பேச ஒரு துணை. அவ்வளவுதான்!

ஜப்பானில் ஆரம்பித்த கதை

இந்த வியாபாரத்தின் ஆதி ஊர்களில் ஒன்று ஜப்பான். அங்கே இதற்கென்றே ஒரு பெயர் உண்டு: 'எய்காய்வா'. இங்கிலீஷ் உரையாடல் என்று அர்த்தம். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் கிளை திறந்து, வெளிநாட்டு வாத்தியார்களை உட்கார வைத்து, பேசுவதற்குக் கட்டணம் வசூலித்தார்கள். அதில் மகா பெரியது 'நோவா'. நூற்றுக்கணக்கான கிளைகள். 2007 அக்டோபரில் அது திவாலாக, ஆயிரக்கணக்கான வெள்ளைக்கார வாத்தியார்கள் சம்பளப் பாக்கியோடு நடுத்தெருவில் நின்றார்கள்.

அதே 2007-ல் 'ரேர்ஜாப்' என்றொரு ஜப்பானியக் கம்பெனி முளைத்தது. அது பிடித்தது வேறு வழி. பிலிப்பைன்ஸில் வாத்தியார், ஜப்பானில் மாணவர், நடுவில் ஸ்கைப். ஒரு பாடம் 25 நிமிடம். கிளைக்கு வாடகை இல்லை, வாத்தியாருக்கு விமான டிக்கெட் இல்லை. விலை சரிந்தது, கூட்டம் கூடியது. 2003-ல் வந்த அந்த ஸ்கைப்பே 2025 மே மாதம் மூடப்பட்டுவிட்டது. அது போட்டுக் கொடுத்த தொழில் மட்டும் ஜாம்ஜாமென்று நடக்கிறது.

ஜாம்ஜாம் என்றால் எப்போதும் ஜாம்ஜாம் இல்லை. சீனாவில் 2013-ல் தொடங்கிய 'விஐபிகிட்', அமெரிக்க, கனடா வாத்தியார்களைக் கொண்டு சீனக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்திப் பிரமாதமாக வளர்ந்தது. 2021 ஜூலையில் சீன அரசாங்கம் டியூஷன் தொழிலுக்குக் கடிவாளம் போட்டது. அதில் ஒரு விதி: வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் வாத்தியாரை வைத்துக் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கக் கூடாது. அமெரிக்காவில் அதை நம்பி வீட்டுக்கடன் கட்டிக் கொண்டிருந்தவர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. கம்ப்யூட்டர் வேலையில் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று தெரியாது. சீட்டுக் கிழிவது மட்டும் நன்றாகத் தெரியும்!

நாக்கில் குடியிருக்கும் ஆசாமி

இந்த வேலைக்கான விளம்பரங்களில் 'நேட்டிவ் ஸ்பீக்கர்கள் மட்டும்' என்ற வரியை அடிக்கடி பார்க்கலாம். சில இடங்களில் பாஸ்போர்ட்டையே கேட்பார்கள். அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா என்றால் சிவப்புக் கம்பளம். நம்முடையதைப் பார்த்தால், 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி'. எல்லோரையும் சேர்த்துக் கொள்கிற தளங்களும் உண்டு. அங்கேதான் நம் கடை.

இதில் ஒரு வேடிக்கை. உலகத்தில் இங்கிலீஷ் பேசுகிறவர்கள் சுமார் 150 கோடி. அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 40 கோடிக்கும் குறைவு. வியட்நாம் இன்ஜினீயர் ஜெர்மன் கம்பெனியோடும், பிரேசில் வியாபாரி துபாய் ஏஜென்ட்டோடும்தான் பேசியாக வேண்டும். லண்டன்காரர் அந்த அறையிலேயே இருக்கமாட்டார்!

ஒவ்வொரு நாட்டுக்காரர் பேசுகிற இங்கிலீஷும் ஒவ்வொரு சுவை. ஜப்பான்காரருக்கு 'ர'வும் 'ல'வும் ஒன்றுதான். 'ரைஸ் சாப்பிட்டேன்' என்பார். காதில் 'லைஸ்' என்று விழும். சோற்றுக்குப் பதில் பேன்! அரபு பேசுகிறவருக்கு 'பஸ்'ஸில் வருகிற 'ப' வரும், 'பார்க்'கில் வருகிற 'ப' வராது. பார்க்குக்குப் போன கதை நாய் குரைத்த கதையாகிவிடும். (அந்த வித்தியாசத்தை எழுதிக் காட்டத் தமிழிலும் ஒரே ஒரு 'ப'தான் இருக்கிறது, மன்னிக்கவும்.) வியட்நாம்காரர் வார்த்தையின் கடைசி எழுத்தை விழுங்கிவிடுவார். பிரேசில்காரர் 'பேஸ்புக்கி', 'இன்டர்நெச்சி' என்று வாலில் ஒரு 'இ' சேர்ப்பார். ஸ்பானிஷ்காரர் 'எஸ்கூல்' என்பார்.

சிரிப்பு வருகிறதா? கொஞ்சம் பொறுங்கள். ஜப்பான்காரர் 'பஸு' என்கிறார்; நாம் 'பஸ்ஸு' என்கிறோம். ஸ்பானிஷ்காரரின் 'எஸ்கூல்', நம் பாட்டியின் 'இஸ்கூல்'. கொரியாக்காரருக்கும் 'ஃப' கிடையாது. அவர் வாயில் 'காஃபி' நம் காப்பிக்குப் பக்கத்து வீடு. தாய்மொழிதான் நாக்குக்குச் சொந்த வீட்டுக்காரர். இங்கிலீஷ் வாடகைக்கு வந்தது. வீட்டுக்காரரைக் காலி பண்ணச் சொல்ல முடியுமா? குரல் கொஞ்சம் கேட்கத்தான் செய்யும்.

சும்மா இருக்கச் சம்பளம்

சரி, ட்யூட்டருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? இங்கிலீஷ் தெரிய வேண்டும் என்பது பாதிதான். மீதிப் பாதி, வாயை மூடிக் கொள்ளத் தெரிய வேண்டும்.

மாணவர் 'எஸ்டர்டே... ஐ...' என்று ஆரம்பித்து நிற்பார். ஒரு வினாடி, இரண்டு, மூன்று, நான்கு. ஹெட்செட்டில் ஃபேன் சத்தம் கேட்கும். அந்த இடத்தில் வாத்தியார் புகுந்து வார்த்தையை எடுத்துக் கொடுத்தால், மாணவர் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வாரம் வேறு ஆளைப் பார்த்துக் கொள்வார். காத்திருந்தால் 'ஐ கோ டு மார்க்கெட்' என்று வரும். உடனே, "'கோ' தப்பு, 'வென்ட்' சொல்லுங்க" என்று பிரம்பைத் தூக்கக் கூடாது. "ஓ, யூ வென்ட் டு த மார்க்கெட்? என்ன வாங்கினீங்க?" என்று கேட்க வேண்டும். திருத்தம் தானாக உள்ளே போய்விடும், மானமும் போகாது. மருந்தை வாழைப்பழத்தில் வைத்துக் கொடுப்பது மாதிரி.

என்னிடம் வருகிறவர்களில் ஒரு ஜப்பான்காரர். வயது ஐம்பதுக்கு மேல். மிஷின் உதிரிபாகக் கம்பெனியில் பெரிய பதவி. அந்த ஊரில் இந்தப் பயம் புதிதல்ல. 'ராகுட்டன்' என்ற பெரிய கம்பெனி இங்கிலீஷ்தான் இனி ஆபீஸ் மொழி என்று 2010-ல் அறிவித்து, 2012 ஜூலையில் முழுசாக அமல்படுத்தியது. ஜப்பானியர்கள் ஜப்பானியரோடு, ஜப்பானில், இங்கிலீஷில் மீட்டிங் நடத்த வேண்டும்! நம் ஆளுக்கு அந்த நிர்ப்பந்தம்கூட இல்லை. மெயில் எழுதினால் கமா தப்பாது. 'டோயிக்' பரீட்சையில் 990-க்கு 800-க்கு மேல். ஆனால் முதல் பாடத்தின் 25 நிமிடத்தில் அவர் பேசியது பத்து, பன்னிரண்டு வாக்கியம். மீதி நேரம் இரண்டு பேருமாக மௌன விரதம்.

மூன்றாவது வாரம்தான் விஷயம் வெளியே வந்தது. ஆபீஸுக்காக இல்லை. மகள் ஆஸ்திரேலியாவில் கல்யாணம் பண்ணிக் கொண்டு செட்டிலாகிவிட்டாள். ஐந்து வயதுப் பேத்திக்கு ஜப்பானிய மொழி அரைகுறை. லீவுக்கு வருகிறாள். தூங்கும் முன் அவளுக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். பீச் பழத்துக்குள்ளிருந்து பிறந்த பையன் கதை, 'மொமொதாரோ'. தாத்தா தமக்குத் தாத்தா சொன்ன கதை.

இதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. பால் நேஷன் என்ற நியூஸிலாந்துப் பேராசிரியர் பிரபலப்படுத்தியது, பெயர் '4-3-2'. ஒரே விஷயத்தை முதலில் நான்கு நிமிடம் பேச வேண்டும். அதையே மறுபடி மூன்று நிமிடத்தில். மறுபடி இரண்டு நிமிடத்தில். புது வார்த்தை எதுவும் கற்றுக் கொள்வதில்லை. தெரிந்த வார்த்தைகளையே நாக்கு வேகமாகத் தேடி எடுக்கப் பழகும். சைக்கிள் ஓட்டுகிற சமாசாரம்தான். பெடலைப் பற்றிப் புத்தகம் படித்தால் பேலன்ஸ் வராது.

ஆறு வாரம் பீச் பழம் உருண்டது. லீவு முடிந்து மறுபடி திரையில் வந்தார். "கதை எப்படிப் போச்சு சார்?" என்றேன். முகம் பூராவும் சிரிப்பு. "பேத்தி ஏழு இடத்தில் என் இங்கிலீஷைத் திருத்தினாள். ஐ ஆம் வெரி ஹேப்பி!"

பி.காம். கணக்கு

சந்தோஷம் இருக்கட்டும், காசு? படித்தது பி.காம். என்பதால் சொல்லிவிடுகிறேன். என் கட்டணம் அரை மணிக்கு நாலு டாலர். 25 நிமிடம் பாடம், 5 நிமிடம் குறிப்பு எழுத. அதில் தளம் தன் கமிஷனைப் பிடித்துக் கொள்ளும். புது மாணவரின் முதல் பாடத்துக்கான காசு முழுவதையும் தானே எடுத்துக் கொள்கிற தளங்களும் உண்டு. டாலரை ரூபாயாக்குகிறவர் தன் பங்கைக் கிள்ளிக் கொள்வார். ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று மணி நேரம்தான் மீட்டர் ஓடும். ஆட்டோ ஸ்டாண்ட் மாதிரி, காத்திருப்பதற்குக் காசில்லை. பி.எஃப். கிடையாது, போனஸ் கிடையாது, தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ்கூடக் கிடையாது.

நேரமும் நம் கையில் இல்லை. ஜப்பானில் இரவு 9 மணி என்றால் நமக்கு மாலை 5.30, அது சௌகரியம். சவூதியில் இரவு 9 மணி, நமக்கு 11.30. பிரேசில்காரர் இரவு 8 மணிக்குக் கூப்பிட்டால் நமக்கு மறுநாள் விடியற்காலை 4.30, ஆவின் பாலும் நானும் ஒன்றாக எழுந்திருக்க வேண்டும். ஆடி மாதம் அம்மன் கோயில் ஸ்பீக்கர் ஜன்னலுக்கு நேராக அலறும். ஒரு வியட்நாம் மாணவி அது என்ன சத்தம் என்று கேட்க, கூழ் ஊற்றுவதைப் பற்றியே ஒரு பாடம் முழுக்க ஓடியது. அம்மன் அருள்!

ஆகவே இதை மட்டும் நம்பி வேலையை விடாதீர்கள். பக்க வருமானத்துக்குச் சரி.

போதாததற்கு இயந்திரம் வேறு போட்டிக்கு வந்துவிட்டது. 'டுவோலிங்கோ' 2023-லேயே, கம்ப்யூட்டர் பாத்திரங்களோடு உரையாடிப் பழகும் வசதியைக் கொண்டுவந்தது. அதற்குக் கொட்டாவி வராது. நடுராத்திரியிலும் பேசும். எனக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது. ஜப்பான்காரரிடம் கேட்டேன். காலையில் அதோடும் பேசுகிறாராம். "பின்னே எதுக்கு சார் நான்?" யோசித்துச் சொன்னார்: "அதோடு பேசும்போது எனக்கு வியர்ப்பதில்லை. வியர்த்தால்தானே பயம் போகும்?"

சிரிக்கிறவர் யார்?

எங்கள் எதிர் ஃபிளாட்டில் ஒரு தம்பி. கிண்டியில் அக்கவுன்ட்ஸ் வேலை. வீட்டில் ராபிடெக்ஸ் புத்தகம் இருக்கிறது. கபில்தேவ் விளம்பரம் செய்த காலத்தில் அப்பா வாங்கியது.

"அண்ணா, எழுதச் சொன்னா எழுதிடுவேன். மீட்டிங்ல 'யூ டெல்'னு கை காட்டினா, வாயில கொழுக்கட்டையை வெச்ச மாதிரி ஆயிடுது."

"தப்பாப் பேசினா என்னப்பா ஆகும்?"

"சிரிப்பாங்கண்ணா."

"யாரு, அமெரிக்கா க்ளையன்ட்டா?"

"சேச்சே! அவரு அர்த்தம் புரிஞ்சுட்டா அடுத்த கேள்விக்குப் போயிடுவாரு. பக்கத்து சீட்டுக்காரன்தாண்ணா சிரிப்பான்."

விஷயம் இவ்வளவுதான். நம்மில் பலருக்கு இங்கிலீஷ் வராதது கிராமரால் அல்ல, பக்கத்து சீட்டுச் சிரிப்பால். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்ச் சிரித்தது, இன்டர்வியூவில் கூட வந்தவன் சிரித்தான், இப்போது ஆபீஸ். வெளிநாட்டுக்காரர் முகம் தெரியாத என்னிடம் வந்து டாலர் கொடுத்து வாங்குவது இங்கிலீஷை அல்ல. சிரிக்காமல் காத்திருக்கிற ஒரு முகத்தை.

தம்பிக்கு '4-3-2' சொல்லிக் கொடுத்தேன். தினம் மொட்டை மாடியில் அன்றைய ஆபீஸ் கதையை மூன்று தடவை சொல்கிறான். போன வாரம் மீட்டிங்கில் முழுசாக ஒரு நிமிடம் பேசினானாம். "நடுவுல ஒரு 'வாஸ்' 'வேர்' இடிச்சுதுண்ணா. நிறுத்தலை!"

அடுத்த தடவை உங்கள் பக்கத்து சீட்டுக்காரர் 'எஸ்டர்டே ஐ கோ...' என்று தடுமாறினால், சிரிப்பை அடக்கிக் கொண்டு மனசுக்குள் பத்து எண்ணுங்கள். பிறகு, "ஓ, யூ வென்ட்? அப்புறம்?" என்று கேளுங்கள். இதற்கு நான் நாலு டாலர் வாங்குகிறேன். நீங்கள் ஒரு டீயோடு விட்டுவிடலாம்!